பாடத்திட்டம் கடைசி வேலை: ஒரு மலை மொழிக்குப் பல்கலைக்கழகப் படிப்பு உருவாக்குவது எப்படி

போன மாதம் ஒரு இளம் விரிவுரையாளர் போன் செய்தார். அவர் வேலை பார்க்கும் கல்லூரியில் பழங்குடி மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஒரு டிப்ளமோ தொடங்கப் போகிறார்கள். இருபது நாளில் பாடத்திட்டம் கொடுத்தாக வேண்டும். "மேடம், நீங்க போட்ட சிலபஸ் இருந்தா அனுப்புங்களேன், அதை வச்சு மாத்திக்கிறேன்" என்றார். நான் அனுப்பவில்லை. இரண்டு மணி நேரம் பேசினேன். அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் மொழியியல் கற்பித்தவள். நீலகிரி மொழிகளுக்குப் படிப்பு உருவாக்கும் வேலையில் இரண்டு முறை இருந்திருக்கிறேன். முதல் முறை கோயம்புத்தூரில் உட்கார்ந்து அறுபத்திரண்டு பக்கத்துக்குப் பாடத்திட்டம் எழுதினேன். ஒலியியல், இலக்கணம், மானிடவியல், நாட்டார் வழக்காறு எல்லாம் அதில் இருந்தன. கல்விக் குழு பாராட்டியது. இரண்டே வருடத்தில் படிப்பை மூடினார்கள். மூடியது சரிதான் என்று இன்று நினைக்கிறேன். முதல் ஆண்டு சேர்ந்த பதினான்கு பேரில் ஒருவராலும் ஒரு கோத்தர் பாட்டியோடு ஐந்து நிமிடம் அவர் மொழியில் பேச முடியவில்லை. இரண்டாவது முறை, பாடத்திட்டத்தை எல்லா வேலையும் முடிந்த பிறகு எழுதினோம். அந்தப் படிப்பு நிலைத்தது. ஆகவே நான் சொல்லும் வரிசை, கல்லூரிகள் வழக்கமாகச் செய்யும் வரிசைக்குத் தலைகீழாக இருக்கும்.

ஒரே ஒரு மொழி

"பழங்குடி மொழிகள்" என்ற பன்மையில் பல படிப்புகள் தொலைந்துபோகின்றன. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகுத்திருப்பது ஆறு சமூகங்களை: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். அதனால் "ஆறு மொழிக்கும் ஆளுக்கொரு அலகு போட்டு ஒரே தாளில் முடித்துவிடலாமே" என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடலூர் பக்கம் பணியர் பேசுவது மலையாளத்தோடு நெருங்கிய மொழி. ஊட்டியைச் சுற்றியுள்ள மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், தோடர் பேசுவது வேறு உலகம். இரண்டையும் ஒரே செமஸ்டரில் தொட்டுக்காட்டினால் மாணவருக்கு மிஞ்சுவது இரண்டு பெயர்கள் மட்டும். ஒரு மொழியை எடுங்கள், அதில் ஒருவரைப் பேச வையுங்கள். இரண்டாவது மொழிக்கு இரண்டாவது படிப்பு வரட்டும்.

எதை எடுப்பது? எந்த ஊர் உங்களை வரச் சொல்கிறதோ அந்த ஊரின் மொழியை. எங்களுக்கு அது கோத்தர் மொழியாக அமைந்தது. கோத்தருக்கு மலையில் ஏழு ஊர்கள்தான். கோக்கால் என்று நாம் சொல்லும் ஊர்கள் அவை. ஏழு ஊர் என்பது ஒரு படிப்புக்கு நல்ல அளவு. பெரியவர்களை ஒரு இடத்தில் கூட்டிப் பேச முடியும்.

குழுவில் வரப்போகும் இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, "எத்தனை பேர் பேசுகிறார்கள், அரசுக் கணக்கு காட்டுங்கள்". 1971-லிருந்து, 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனியாக வெளியிடுவதில்லை. தோடர் சமூகத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கில் 2,002. ஆக, மொழி சின்னதாக இருப்பதாலேயே அதற்கான எண் கிடைக்காது. இதைச் சொல்லிவிட்டு, அதே 10,000 என்ற எல்லைக்குக் கீழே உள்ள மொழிகளை ஆவணப்படுத்தத்தான் மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013-ல் தனித் திட்டமே தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதோடு அந்தக் கேள்வி அடங்கிவிடும்.

இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் வலிக்கும். "அது தமிழோட கொச்சைதானே, அதுக்கு எதுக்கு டிப்ளமோ?" கோத்தர் மொழியும் தோடா மொழியும் தென் திராவிடக் கிளையில் தமிழுக்கு உடன்பிறந்தவை. உடன்பிறந்தவர்கள் ஒருவர் இன்னொருவரின் கொச்சை ஆக மாட்டார்கள். நம் "ஆள்" தோடாவில் "ஓள்". தோடர் தங்களைச் சொல்லிக்கொள்வதும் அதே சொல்லால்தான். இது வாய் தவறிய உச்சரிப்பால் வந்ததில்லை. ஆகாரம் ஓகாரமாக மாறும் ஒலி விதி தோடா மொழிக்கென்று இருக்கிறது. மொழியியலாளர் எமனோ 1935-லிருந்து மூன்று வருடம் இந்தியாவில் தங்கி கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் எழுதி எடுத்தார். பின்னாளில் பரோவும் அவரும் திராவிட மொழிகளுக்குச் சொற்பிறப்பு அகராதி தொகுத்தபோது இந்தச் சின்ன மொழிகளின் சொற்கள் தமிழ்ச் சொற்களோடு ஒரே வரிசையில் நின்றன. தமிழின் பழைய வடிவத்தைத் தேடுகிறவர்களுக்கே இந்த மொழிகள் வேண்டும். குழுவில் தமிழ்த் துறையினர் இருந்தால் இதைச் சொல்லுங்கள், அவர்கள் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

ஊரில் கேட்பது

அனுமதி கேட்பது வேறு, வேண்டுமா என்று கேட்பது வேறு. முதல் முறை நான் போனது அனுமதி கேட்க. அச்சடித்த பாடத்திட்டத்தோடு ஒரு ஊருக்குப் போய், "இப்படி ஒரு படிப்பு தொடங்குகிறோம், நீங்கள் ஒத்துழைக்க வேண்டும்" என்றேன். டீ கொடுத்தார்கள், தலையாட்டினார்கள். ஒத்துழைப்பு அந்தத் தலையாட்டலோடு நின்றது.

இரண்டாவது முறை வெறுங்கையோடு போனோம். "உங்கள் பிள்ளைகள் மொழியை விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். கல்லூரியில் ஏதாவது செய்ய முடியுமென்றால் என்ன செய்யலாம்?" அவ்வளவுதான் கேட்டோம். பதில் வர நான்கு மாதம் ஆனது, ஆறு கூட்டம் ஆனது. முதல் இரண்டு கூட்டத்தில் மொழி பற்றிப் பேச்சே இல்லை. சாதிச் சான்றிதழ், பஸ், தேயிலை விலை, வனத்துறை. உட்கார்ந்து கேளுங்கள். முடிந்தால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பேச்சைத் தாண்டித்தான் மொழிப் பேச்சு வரும்.

கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் வந்தால் அது பாதிக் கூட்டம். கோத்தர் ஊரில் கொல்லுப்பட்டறையும் இசையும் ஆண்களிடம் இருக்கின்றன, மண்பாண்டம் வனைவது பெண்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சொல்வளம் உண்டு. பெண்களிடம் தனியாக, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய், ஒரு பெண் ஆசிரியர் கேட்க வேண்டும்.

நியூசிலாந்தின் ஓட்டாக்கியில் மாவோரி மக்கள் 1981-ல் தங்களுக்கென்று தொடங்கிய உயர்கல்விக் கூடம் தே வானங்கா ஒ ரௌகாவா. அது பிறந்த விதத்தை உங்கள் குழுவுக்குச் சொல்லலாம். மூன்று குலங்கள் சேர்ந்து 1975-ல் இருபத்தைந்து வருடத் திட்டம் ஒன்று போட்டன. தங்கள் மொழியை இளையவர்கள் பேசுவதே நின்றுபோயிருந்த நேரம் அது. முதலில் ஊர் மன்றங்களில் குடும்பம் குடும்பமாகத் தங்கி மொழி கற்றார்கள். கல்லூரி ஆறு வருடம் கழித்துத்தான் வந்தது. நம் கல்லூரிகள் ஆறு வருடம் காத்திருக்காது என்பது தெரியும். ஆறு மாதமாவது கேளுங்கள்.

கற்பிப்பவர் யார், சம்பளம் யாருக்கு

நான் மிக நீளமாக எழுத விரும்பும் பகுதி இது. படிப்பு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

நான்காவது கூட்டத்தில் ஒரு பாட்டி, அதுவரை வாயே திறக்காதவர், கேட்டார்: "டீச்சர், நாங்க சொல்லிக் குடுப்போம். சம்பளம் யாருக்கு வரும்?" என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது சொல்லத் தகுந்த பதிலாக இல்லை. முதல் படிப்பில் நிரந்தரச் சம்பளம் வாங்கியது நானும் இன்னொரு விரிவுரையாளரும். மொழியைப் பேசியவர்களுக்கு வருகைக்கு ஐந்நூறு ரூபாய். அதற்கும் பான் கார்டு, வங்கிப் புத்தகம், "கல்வித் தகுதி" என்ற கட்டம் உள்ள படிவம். ஒரு பெரியவரின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, எங்கள் பதிவேட்டில் ஒரு மாதிரி. அவர் பெயரின் ஒலியைத் தமிழில் சரியாக எழுத வழியில்லாததால் ஒவ்வொரு எழுத்தரும் தனக்குக் கேட்டபடி எழுதியிருந்தார். பணம் திரும்பி வந்தது. பதினொரு மாதம் கழித்துத்தான் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தோட்டக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்.

ஆகவே பாடத்தை விட முதலில் பணத்தை எழுதுங்கள். வருகைக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள், மாதச் சம்பளம் வையுங்கள். வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த "புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்" விதியில், தன் துறையில் 15 வருட அனுபவம் உள்ளவருக்குப் பட்டம் கட்டாயம் இல்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நியமிக்கலாம். மூன்று வருடம், தேவைப்பட்டால் நான்காவது வருடமும். தொழிற்சாலை அதிகாரிகளை மனதில் வைத்து எழுதிய விதியாக அது படிக்கப்படுகிறது. அறுபது வருடம் கொல்லுப்பட்டறை நடத்தியவரின் அனுபவம் எந்தத் தொழிற்சாலை அதிகாரியின் அனுபவத்துக்குக் குறைந்தது? அந்த விதியை எடுத்து, ஒருவருடைய பெயருக்கு, முழுக் கோப்பாகத் தயாரித்துக் கொடுங்கள். பொதுவாக "பெரியவர்களை நியமிக்கலாம்" என்று எழுதினால் கோப்பு நகராது. கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்வி நிறுவனத்தில் தங்க வைத்துக் கற்பிக்கச் செய்யும் மானியக் குழு வழிகாட்டுதலும் இருக்கிறது. அது இசைக்கும் மண்பாண்டத்துக்கும் பொருந்தும்.

நாங்கள் கடைசியில் வைத்தது மூவர் அணி. மொழியை முழுதாகப் பேசும் ஒரு பெரியவர். அதே ஊரில் கல்லூரி படித்த ஓர் இளையவர். மூன்றாவதாக ஒரு மொழியியலாளர். பெரியவர் பேசுவார், செய்து காட்டுவார். இளையவர் வகுப்பை நடத்துவார், மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று அவருக்குத்தான் தெரியும், அவரே தடுமாறி மீண்டவர். மொழியியலாளர் வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் வந்து, அந்த வாரம் காதில் விழுந்ததன் இலக்கணத்தை விளக்குவார். இந்த மூன்றாவது இடத்தில் நிற்க எனக்கு முதலில் சிரமமாக இருந்தது. பழகிய பிறகு, என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல வகுப்புகள் அந்த ஒரு மணி நேர வகுப்புகள்தான் என்று தோன்றியது. கேள்வியோடு வரும் மாணவருக்கு இலக்கணம் சொல்வது அவ்வளவு இன்பமான வேலை.

இளையவரின் பதவியைத் தற்காலிகமாக வைக்காதீர்கள். படிப்பின் எதிர்காலமே அவர். அவருக்கு எம்.ஏ. படிக்க விடுப்பும் உதவியும் கொடுத்தால், பத்து வருடத்தில் துறைத்தலைவர் நாற்காலியில் ஒரு கோத்தர் உட்காருவார்.

யார் படிக்க வருவார்கள்

இரண்டு வகையினர் வருவார்கள், இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் இருவரும் கெடுவார்கள். ஒரு வகை, அந்தச் சமூகத்தின் பிள்ளைகள். பாட்டி பேசினால் புரியும், பதில் தமிழில் வரும். இன்னொரு வகை வெளியார்: செவிலியர், ஆசிரியர், வனத்துறைக்காரர், ஆராய்ச்சி மாணவர். இவர்களுக்கு முதல் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றாக உட்கார வைத்தபோது நடந்தது: வெளியிலிருந்து வந்த மாணவர் இலக்கணக் குறிப்பு வேகமாக எடுத்தார், நல்ல மதிப்பெண் வாங்கினார். ஊர்ப் பெண் தன் தாய்மொழித் தேர்வில் அவருக்குப் பின்னால் வந்தாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடும். தனித் தனிப் பிரிவு வையுங்கள். இடங்களில் பாதியையாவது சமூகத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். பிளஸ் டூவில் நின்றவர்களுக்கும் வழி வைக்கச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றையும் டிப்ளமோவோடு சேர்த்து வடிவமையுங்கள்.

கால அட்டவணை

கணக்கு இப்படி. செமஸ்டருக்கு 20 கிரெடிட், 15 வாரம். வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேரம், செய்முறையில் 30 மணி நேரம். 8 கிரெடிட்டைச் செய்முறைக்கு ஒதுக்கினால் 240 மணி நேரம் கிடைக்கும். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 16 மணி நேரம், அதாவது முழுதாக இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மாணவர் ஊரில் இருக்கிறார். மீதி 12 கிரெடிட்டுக்கு வாரம் 12 மணி நேரம், மூன்று நாள் கல்லூரியில். எந்த விதியையும் மீறாமலே ஐந்தில் இரண்டு நாளை ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். முதல் முறை செய்முறைக்கு நான் 2 கிரெடிட் வைத்திருந்தேன்!

ஊரில் அந்த 16 மணி நேரம் என்ன நடக்கும்? கலிபோர்னியாவில் பூர்வகுடிகள் 1990-களில் தொடங்கிய ஆசான்–மாணவர் முறையைப் பின்பற்றினோம். ஒரு பெரியவரும் ஒரு கற்பவரும் வாரம் பல மணி நேரம் சேர்ந்து வீட்டு வேலை செய்கிறார்கள். அந்த நேரத்தில் ஆங்கிலம் கூடாது. நமக்குத் தமிழ் கூடாது. சமையல், களையெடுப்பு, விறகு, மண் பிசைவது, எதுவாக இருந்தாலும் அந்த மொழியிலேயே. கையைக் காட்டலாம், முகத்தைக் காட்டலாம், தமிழுக்கு மட்டும் தாவக் கூடாது.

இதில் எதிர்பாராத சிக்கல் ஒன்று வரும். தமிழுக்குத் தாவுவது பெரும்பாலும் மாணவர் இல்லை, பெரியவர். வந்த பிள்ளை புரியாமல் முழிப்பதைப் பார்க்க அவருக்கு மனசு வராது. மரியாதைக்காகத் தமிழில் சொல்லிவிடுவார். மலையில் எல்லோரும் பக்கத்து வீட்டு மொழியைத் தெரிந்துவைத்திருந்து எதிராளிக்கு ஏற்றபடி பேசிப் பழகியவர்கள். அதனால் மாணவருக்கு முதல் நாளே மூன்று வாக்கியம் கற்றுக்கொடுங்கள்: "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்", "மெதுவாகச் சொல்லுங்கள்", "இதை எப்படிச் சொல்வது". அந்த மூன்றும் வாயில் ஏறிவிட்டால் பெரியவர் தமிழுக்கு வருவது குறையும்.

திருவிழாக் காலத்தில் தேர்வு வைக்காதீர்கள். மலையில் டிசம்பர், ஜனவரி அவர்களுடைய மாதங்கள். முத்தநாடு மந்தில் தோடரின் மொற்பர்த், கோத்தர் ஊர்களில் அய்யனோர்–அம்மனோர் விழா. எந்த நாளில் வெளியார் வரலாம், எந்த நாளில் கூடாது என்பதை ஊர்தான் சொல்லும். அந்த நாட்களில் சமூகத்துப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு கொடுங்கள். 75 சதவீத விதியில் விழுந்து அவர்கள் தேர்வு எழுத முடியாமல் போனது எங்கள் முதல் படிப்பில் நடந்தது. தங்கள் பண்பாட்டைக் கற்கும் படிப்பில், தங்கள் திருவிழாவுக்குப் போனதற்காக.

எழுத்து

எந்த எழுத்தில் எழுதுவது என்ற சண்டையை முதல் செமஸ்டரில் தொடங்காதீர்கள். முதல் எட்டு வாரம் காதுக்கும் வாய்க்கும். தோடா மொழியில் ரகரமே மூன்று விதம். ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் ஏறிய இன்னொரு வடிவம். உரசிப் பிறக்கும் சகரங்கள் நான்கு. உலக மொழிகளில் இவ்வளவு நுட்பமான வேறுபாடு அபூர்வம். ஒலியியல் ஆய்வாளர்கள் கருவிகளோடு மந்துகளுக்கு வந்து இவற்றை அளந்திருக்கிறார்கள். கோத்தர் மொழியிலும் ப ஒலியும், ஆங்கில b போல அதிரும் அதன் இணையும் வேறு வேறு எழுத்தைக் கேட்கும். தமிழ் எழுத்தை அப்படியே வைத்து எழுதப் பழகிய மாணவர், எழுதியதைத்தான் உச்சரிப்பார், கேட்டதை இல்லை. காது திறந்த பிறகு தமிழ் எழுத்தில் புள்ளியோ கோடோ சேர்ப்பதா, வேறு எழுத்தா என்பதைச் சமூகமே முடிவு செய்யட்டும். உங்கள் வேலை ஒவ்வொரு வழியிலும் எந்த ஒலி தப்பிக்கும், எது விழும் என்று பட்டியலிட்டுக் காட்டுவது.

பதிவும் உரிமையும்

எங்கள் மாணவர் ஒருவர், நல்ல பிள்ளை, ஒரு பாட்டைப் பதிவுசெய்து யூடியூபில் போட்டார். பாராட்டும் வந்தது. அடுத்த வாரம் ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அது சாவு வீட்டில் மட்டும் ஒலிக்க வேண்டியது. ஊரார் டீக்கடையில் போனில் கேட்டிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டோம், எடுத்துவிட்டோம். அந்த வீட்டில் எங்களுக்காக மறுபடி ரெக்கார்டர் முன்னால் உட்கார ஒன்றரை வருடம் ஆனது. தவறு மாணவருடையது இல்லை. எது யாருக்கு என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு நிலை வைத்தோம்: யாரும் கேட்கலாம், வகுப்பறைக்கு மட்டும், சமூகத்துக்கு மட்டும், பதிவே செய்யக் கூடாது. நிலையைச் சொல்வது பேசியவர். கையெழுத்தோடு, அவர் மொழியிலேயே வாய்மொழியாகச் சம்மதமும் பதிவாகும். எப்போது வேண்டுமானாலும் நிலையை மாற்றலாம். கடைசி நிலையில் இருப்பவற்றைப் பாடத்திட்டத்தில் வெற்றிடமாகவே விடுங்கள். தோடரின் புனிதப் பால் மனைக்குள் நடப்பதில் வெளியார் அறியக் கூடாதவை உண்டு. அது தெரியாமலேயே ஒருவர் டிப்ளமோ வாங்கலாம்.

மூலிகை அறிவு வரும் இடத்தில் இன்னும் கவனம். அகத்தியமலையின் காணி மக்கள் கதையை ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் சொல்வேன். 1987-ல் மலையேறிய விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டப் போன காணி இளைஞர்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். விஞ்ஞானிகள் கேட்டுக் கேட்டு அந்தச் செடியைத் தெரிந்துகொண்டார்கள். ஆரோக்கியபச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது, 1995-ல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் போனது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997-ல் அறக்கட்டளை அமைந்தது. உலகம் முழுக்க இதை முன்மாதிரி என்று சொன்னார்கள். ஆனால் செடியைப் பற்றி விஞ்ஞானிகளிடம் சொன்னது ஓரிருவர், அறிவு எல்லோருடையது. எல்லோரையும் முன்கூட்டிக் கேட்டார்களா என்ற கேள்வி அந்த மக்களிடையே எழுந்தது. மாணவரின் களக் குறிப்பேடும் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்ததும் குறிப்பேட்டின் ஒரு நகலை ஊரில் கொடுப்பதை விதியாக்குங்கள். கொடுத்தால்தான் சான்றிதழ்.

தேர்வு

மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு ஒன்று இருக்கட்டும், பல்கலைக்கழகம் விடாது. அதற்குப் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதிப் பாதி வாய்மொழி. மாணவருக்குக் கற்பிக்காத வேறொரு ஊரைச் சேர்ந்த இரண்டு பெரியவர்கள் அமர்வார்கள். கேள்வி எளியது. ஓர் இறப்புச் செய்தி சொல்லி அனுப்ப வேண்டும், எப்படிச் சொல்வாய்? சந்தையில் விலை அதிகம் என்கிறாய், எப்படி? குழந்தை அழுகிறது, என்ன சொல்வாய்? வெளிநிலைத் தேர்வாளர் பட்டியலில் இந்தப் பெரியவர்களின் பெயரைச் சேர்க்கத் தேர்வுத் துறையோடு போராட வேண்டியிருக்கும். "முனைவர் பட்டம் இல்லாதவர் எப்படி மதிப்பெண் போடுவார்" என்பார்கள். இசைக் கல்லூரிகளில் வித்வான்கள் மதிப்பெண் போட்ட வழக்கத்தைக் காட்டி நாங்கள் ஒப்புதல் வாங்கினோம்.

வேலை

பெற்றோர் கேட்பது இது ஒன்றைத்தான், கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஹவாயில் 1896 சட்டத்தால் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட மொழியை மீட்டவர்கள் மேலிருந்து தொடங்கவில்லை. 1983-ல் ஓர் அமைப்பைக் கட்டி, அடுத்த வருடம் மழலையர் பள்ளி திறந்தார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்ற தேவை மேலே ஏறி, 1997-ல் ஹிலோ பல்கலைக்கழகத்தில் ஹவாய் மொழிக்கென்றே ஒரு கல்லூரி அமைந்தது. பட்டம் வாங்கியவருக்கு வகுப்பறை காத்திருந்தது. நார்வேயின் கௌதகெய்னோவில் 1989-லிருந்து இயங்கும், சாமி என்ற பூர்வகுடி மக்களின் உயர்கல்வி நிறுவனத்தில் கலைமான் வளர்ப்பும் கைவினையும் பட்டப்படிப்புகளாக நிற்கின்றன, அந்த மக்கள் அவற்றால் பிழைக்கிறார்கள் என்பதால். நம் நாட்டிலேயே ஒடிசா 21 பழங்குடி மொழிகளில் தொடக்கப் பள்ளிப் பாடம் நடத்துகிறது. அந்த மொழி தெரிந்த ஆசிரியர் அங்கே தேவைப்படுகிறார்.

நீலகிரியில் என்ன உண்டு? அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், அங்கன்வாடிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், கோத்தகிரியில் மலை மொழிகளில் ஒலிபரப்பும் சமுதாய வானொலி, முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் அருங்காட்சியகமும். படிப்பு தொடங்கும் முன்பே இவர்களில் இரண்டு பேரிடமாவது, "இந்த டிப்ளமோ உள்ளவரை எடுப்போம்" என்றோ "பயிற்சிக்கு அனுப்புவோம்" என்றோ எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு முதலில் கைகொடுத்தது மருத்துவப் பக்கம். பிரசவ வலியில் பெண்கள் தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் செவிலிக்கு நாற்பது சொல் தெரிந்தாலே போதும். வெளியார் பிரிவில் முதல் வருடம் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் செவிலியர்.

இப்போது பாடத்திட்டம்

இவ்வளவும் முடிந்திருந்தால் பாடத்திட்டம் நான்கு மாலையில் எழுதிவிடலாம். நாங்கள் அப்படித்தான் எழுதினோம், ஒரு கோத்தர் வீட்டுத் திண்ணையில், மூவர் அணியும் இன்னும் நான்கைந்து பெண்களும் சேர்ந்து. அலகுகளுக்கு இலக்கணப் பெயர் வைக்கவில்லை. வீட்டுக்குள் வரச் சொல்வது, உறவுமுறை, அடுப்பும் சோறும், மழையும் பயிரும், மண்பாண்டம், பட்டறை, இசை, ஊர்க் கூட்டத்தில் பேசுவது, துக்கம் விசாரிப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் யார் கற்பிப்பார், எந்த மாதம், எங்கே என்று எழுதினோம். களிமண் எப்போது எடுப்பார்கள் என்பதைப் பொறுத்து மண்பாண்ட அலகு இடம் மாறும் என்று அடிக்குறிப்பும் போட்டோம். கல்விக் குழுவுக்கு வேண்டிய வடிவத்தில், வேற்றுமை, வினைமுற்று, எச்சம் என்று இலக்கணத் தலைப்புகளை நான் இணைப்பில் சேர்த்தேன்.

பதினெட்டுப் பக்கம் வந்தது. நிதி அறிக்கையின் முதல் வரி பெரியவர்களின் மாதச் சம்பளம், இரண்டாவது வரி மாணவர்களின் பஸ் பாஸ். சம்பளம் யாருக்கு என்று கேட்ட அந்தப் பாட்டிக்கு முதல் வரியைப் படித்துக் காட்டினேன். எண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்புறம்தான், உறவுமுறை அலகை நான் எடுக்கிறேன் என்றார்.